பழையபடியே

ரோம மக்கள், ரோம மக்கள் என்று ஊரெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அது நான்தான். முழுவதும் நான் இல்லை. முப்பதில் ஒரு பங்கு. முட்டி வலி உள்ள பங்கு.

சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். இந்த நகரம் அரசனை அடித்து விரட்டிய காலத்தில் முப்பது வட்டங்கள் இருந்தன. ஒரு சட்டம் வர வேண்டுமென்றால் வட்டத்துக்கு வட்டம் ஆண்கள் எல்லோரும் விடியலில் திரண்டு வந்து, கத்தி, ஒருவனை ஒருவன் தள்ளி, வேண்டும் வேண்டாம் என்று சொன்னார்கள். அரசன் இல்லாத ஊர் என்று அவர்களுக்கு அப்படி ஒரு திமிர் இருந்தது. பிறகு ஒருவனுக்கு அறுவடை வந்தது, ஒருவனுக்குப் போர் வந்தது, ஒருவனுக்குக் குளிர் வந்தது. "நம்ம வட்டத்துக்காக நீ போய் நின்னுட்டு வா" என்று ஆளுக்கொரு கோல்காரனை அனுப்பிவைத்தார்கள். கோல்காரன் என்றால், அதிகாரிகளுக்கு முன்னால் பிரம்புக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு "வழி விடு, வழி விடு" என்று கத்திப் போகிறவன். அனுப்பியவர்கள் அப்புறம் வரவே இல்லை. கோல்காரன் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறான். இன்றைக்குக் கேப்பிட்டோல் குன்றின் மேல் நாங்கள் முப்பது பேர் வரிசையாக நின்றால் மக்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்களில் ஒருவன் தும்மினால் மக்கள் தும்மினார்கள்.

ஒன்றும் குறையவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு கான்சல்கள் தலைமைப் பதவியில் இருக்கிறார்கள். செனட் கூடுகிறது. தேர்தல் நடக்கிறது, முதல் குடிமகன் யாரைப் பார்த்துக் கண்ணசைக்கிறாரோ அவன் ஜெயிக்கிறான். அவர் அரசர் இல்லை. அரசர் என்று சொன்னால் அவருக்கே கோபம் வரும். வெறும் முதல் குடிமகன்தான். குடியரசை மீட்டுக் கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்ல வைத்திருக்கிறார். மீட்டதை எங்கே வைத்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் பெயர் ஒப்பியுஸ். என் வட்டம் ஃபவுசியா. அந்தப் பெயரைக் கேட்டதும் கிழவர்கள் கட்டை விரலை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொள்வார்கள், கண்ணேறு கழிக்க. காரணம் உண்டு. ஓட்டெடுக்கும் முன் எந்த வட்டம் முதலில் சொல்ல வேண்டும் என்று குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். முதல் வட்டத்தின் வாயில் வருவது தேவ வாக்கு. மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். கவுலர்கள் வந்து நகரத்தைக் கொளுத்திய வருடம் முதலில் வந்த சீட்டு ஃபவுசியா. நம் படை மலையிடுக்கில் மாட்டி, எதிரியின் நுகத்தடிக்குக் கீழே குனிந்து வெளியே வந்த வருடமும் ஃபவுசியாதான். சேனாபதிகள் செய்த முட்டாள்தனத்துக்கு எங்கள் வட்டம் என்ன செய்யும்? ஆனால் பழி எங்கள் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. ஃபவுசியா முதலில் வந்தால் அபசகுனம், கூட்டத்தை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டும் என்பது வழக்கம்.

அப்படி ஒத்திவைத்தால் பெரிய மனிதர்களுக்கு மதிய விருந்து தட்டிப்போகுமே. அதனால் சீட்டெடுக்கும் தித்தூரியுஸ் எங்கள் வட்டத்தின் பெயர் எழுதிய மரவில்லையைக் குடத்தில் போடுவதே இல்லை. உள்ளங்கையில் மறைத்துக்கொள்வான். பாதிக்கு மேல் ஒரே பதில் வந்துவிட்டால் மிச்சம் பேரைக் கேட்கவும் மாட்டார்கள். கடைசியில் நிற்கும் என்னை இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மக்களிலேயே ஒப்புக்குச் சப்பாணி நான்.

சுபூராவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரொட்டிக்கடை. அதை நடத்துகிறவள் வீபியா. அவளுடைய அப்பன் கட்டிய அடுப்பு அது. சீதனமாக வந்ததால் சட்டப்படி புருஷனுக்குச் சொந்தம். புருஷன் நூமியுஸ். விடியும் முன் எழுந்து மாவு பிசைவது வீபியா. வெயில் ஏறிய பிறகு எழுந்து கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையசைப்பது நூமியுஸ். அவனுக்கு ஏடைல் ஆக வேண்டும். ஏடைல் என்றால் சந்தையையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ளும் பதவி. தன் கடை முன்னால் ஓடும் சாக்கடையை அவன் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

பதவிக்கு நிற்கிறவர்கள் சுண்ணக்கட்டி தேய்த்து வெளுத்த மேலாடை போட்டுக்கொண்டு மன்றத்தில் உலாவுவார்கள். நூமியுஸ் அதற்கு ஒத்திகை பார்த்தான். சுண்ணத்துக்குப் பதிலாகக் கடை மாவை எடுத்துத் தேய்த்துக்கொண்டான். தெருவில் அவன் பின்னால் சிட்டுக்குருவிகள் போகும். வருங்கால ஏடைலுக்கு இப்போதே ஆதரவாளர்கள் என்று நான் சொல்வேன். அவனும் அதை நம்பித் தலையாட்டுவான்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் செனட்டர் மெத்திலியுஸின் மாளிகை. குளிப்பறையைப் பெரிதாக்க அவருக்கு இடம் போதவில்லை, ரொட்டிக்கடை இடிக்கிறது. விலைக்குக் கேட்டார். நூமியுஸ் கைகூப்பிக்கொண்டே கொடுத்திருப்பான். வீபியா அகப்பையோடு வாசலுக்கு வந்து நின்றாள். கேட்கப் போன ஆள் திரும்பிப் போனான். அப்புறம்தான் மெத்திலியுஸுக்கு நூமியுஸ் மேல் திடீரென்று பிள்ளைப் பாசம் பொங்கியது. தத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். என் குலப் பெயரைப் போட்டுக்கொண்டு நின்றால் ஏடைல் பதவி தானாக வரும் என்றார். அப்பாவும் மகனும் ஒரே வருடத்தில் பிறந்த சம வயதுக்காரர்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தத்துச் சடங்குக்கு முந்தின நாள் மாலை வீபியா மாவுக் கையோடு என் அறைக்கு ஏறி வந்தாள்.

"அண்ணே, சட்டம் தெரிஞ்ச ஆளு நீங்கதான். இந்த மனுஷன் தத்துப் போயிட்டா என்ன ஆகும்?"

"அவன்கிட்ட இருக்கிறதெல்லாம் அப்பனுக்குப் போயிடும்."

"அடுப்பு?"

"அடுப்பும்தான்."

"மாவாட்டுற கழுதை?"

"ரெண்டு கழுதையும்."

"எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கு?"

"நூமியுஸையும் சேர்த்துச் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. "நான் என்ன ஆவேன்?" என்றாள்.

"நீ மருமக. மாமனார் 'இவளை அனுப்பிடு'ன்னு சொன்னா உன் புருஷன் அனுப்பித்தான் ஆகணும். அப்பன் வாய்ச்சொல்லு மகனுக்குச் சட்டம்."

"அனுப்புவாரு. அந்த செனட்டருக்கு ஒரு தங்கச்சி மக இருக்காளாம், கல்யாணத்துக்கு. அதுக்கும் இவரு தலையாட்டிட்டு வந்திருக்காரு." கையில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். "அடுப்பு போச்சு, கூரை போச்சு, புருஷனும் போச்சு. கடைசியில சொன்னதுக்கு நான் அழமாட்டேன். ஆனா அந்த அடுப்பு எங்கப்பா தன் கையால வச்சது. இதை யாருண்ணே தடுக்க முடியும்?"

"குருமாருங்க கூட்டி வச்சுக் கேப்பாங்க. அப்புறம் மக்கள் கட்டளை போடணும். மக்கள் சம்மதம் இல்லாம சொந்தக் குலத்தை விட்டு ஒருத்தன் இன்னொருத்தன் மகனா ஆக முடியாது."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப மக்கள்கிட்டயே போய் விழறேன். ஆயிரம் பேருல நாலு பேருக்காவது நெஞ்சு இருக்காதா? எங்கே இருக்காங்க, சொல்லுங்க."

நான் அவள் கொடுத்திருந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். விழுங்கினேன்.

"என்னண்ணே முழிக்கிறீங்க?"

"நான்தான்" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"அப்ப வேணாம்னு சொல்லிடுங்க. மக்கள் நீங்கதானே?"

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அபசகுன வட்டத்தின் கிழட்டுக் கோல்காரன் நெஞ்சில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சொல்வதற்கு இரண்டே வார்த்தைகள் உண்டு. சம்மதம் என்றால் "கேட்டபடியே". மறுப்பு என்றால் "பழையபடியே". இரண்டாவது வார்த்தையை நான் என் காதால் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பது இளம் கோல்காரர்களுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

என் ஒற்றை வாயால் ஒன்றும் ஆகாது. முதல் வாயாக இருந்தால்தான் ஆகும். நான் தித்தூரியுஸைத் தேடிக் கள்ளுக்கடைக்குப் போனேன். அவன் புளித்த மதுவில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா ஃபவுசியா, காலையிலயே மூஞ்சியைக் காட்டுறே? எனக்கு இன்னைக்கு விளங்கினாப்பலதான்."

"சாயங்காலம் ஆச்சுடா. நாளைக்குச் சீட்டு எடுக்கிறப்ப என் வில்லை உன் உள்ளங்கையில இருக்கும்ல?"

"எப்பவும் அங்கதான் இருக்கும். பத்திரமா."

"கையைக் குடத்துக்குள்ள விடு. உள்ள எதையும் தொடாதே. வெளிய எடு. விரலைத் திற. அவ்வளவுதான்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மெத்திலியுஸ் காரியம்யா அது. தோலை உரிச்சிடுவாங்க."

"சீட்டு தெய்வச் செயல். தெய்வத்தைப் போய் யாரு தோலை உரிப்பாங்க? ஃபவுசியா வந்தா ஒத்திவைப்பாங்க. ஒத்திவைக்க மறந்துட்டாங்கன்னா, முதல்ல சொல்றவன் நான். ரெண்டுல எது நடந்தாலும் அந்தப் பொண்ணுக்கு நல்லது."

"வீபியாவுக்கா?" யோசித்தான். "அவ பாலாடைக்கட்டியும் தேனும் போட்டு ஒரு பணியாரம் பண்ணுவாளே, அது கிடைக்குமா?"

கிடைத்தது. அவனுக்கு மட்டும் இல்லை, முப்பது பேருக்கும் கிடைத்தது. மறுநாள் விடியலில் வீபியா கூடையோடு குன்றின் படியில் நின்றாள். மக்கள் வரிசையாக வந்து வாங்கித் தின்றார்கள். தாத்தா காலத்தில் மக்களை வாங்க எத்தனையோ பேர் வீட்டை விற்றிருக்கிறார்கள் என்பார்கள். இப்போது ஒரு கூடைப் பணியாரம் போதும்; அதிலும் மிச்சம் இருந்தது.

"சாமி, எங்க வீட்டுக்காரர் தத்துப் போறதுக்கு வேணாம்னு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

வேலிதியா வட்டத்துக் கிழவன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான். "நாங்க எப்பவும் முதல்ல சொல்றவன் பக்கம்தாம்மா. அதுல மட்டும் சந்தேகமே வேணாம்."

அவள் அதை நல்ல வாக்காக எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது; பெண்கள் அதற்கு வெளியேதான். அவள் அங்கே நின்றாள். கயிற்றுக்கு உள்ளே மெத்திலியுஸ், முகத்தில் புதுத் தந்தையின் பொலிவோடு. பக்கத்தில் நூமியுஸ், மேலாடை முழுக்க மாவு. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நடத்திவைக்க வந்த குரு, மெத்திலியுஸோடு நேற்று இரவு விருந்து உண்டவர், இன்னும் முழுதாக விழிக்காதவர். குறி பார்ப்பவன் "குறிகள் நன்று" என்றான். குரு நூமியுஸிடம், இவரை அப்பாவாக ஏற்று, உன் உயிரின் மேலும் அவருக்கு அதிகாரம் தரச் சம்மதமா என்று கேட்டார்.

"ரொம்பச் சந்தோஷமா" என்றான் நூமியுஸ். கேள்விக்கு அது பதில் இல்லை. சடங்குப்படி "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

குரு எங்கள் பக்கம் திரும்பினார். முப்பது கோல்காரர்களைப் பார்த்து, ரோமின் மாபெரும் குடிமக்களே என்று விளித்து, இதை விரும்புகிறீர்களா, கட்டளையிடுகிறீர்களா என்று கேட்டார். ஒருவன் ஏப்பம் விட்டான். தேன் வாசனை வந்தது. தித்தூரியுஸ் குடத்துக்குள் கையை விட்டான். எடுத்தான். விரலைத் திறந்தான்.

"ஃபவுசியா" என்றான்.

குரு ஒத்திவைக்கவில்லை. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கையால் "ம், சொல்" என்று சைகை காட்டினார்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். கயிற்றுக்குப் பின்னால் வீபியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பழையபடியே!" என்றேன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. குருவின் வாய் கொட்டாவியிலேயே நின்றது. அடுத்தவன் வேலிதியாக் கிழவன். அவனுக்குக் காதும் மந்தம், கொள்கையும் உறுதி. "பழையபடியே" என்றான். அதற்கடுத்தவன் "பழையபடியே." அப்புறம் படபடவென்று வந்தது, பழையபடியே, பழையபடியே, பழையபடியே. தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னவன் என்னைத் தவிர எவனும் இருந்திருக்க மாட்டான். ஆனால் பாதியைத் தாண்டிவிட்டது. அறிவிப்பாளன் தன் வாயைத் தானே நம்பாமல் சொன்னான்: "மக்கள்... மறுத்துவிட்டார்கள்."

வீபியா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு முட்டி வலிக்கவில்லை. கீழே மன்றமும் கோயில்களும் தெரிந்தன. இதெல்லாம் என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்தது. அரசனை விரட்டியவனுக்கு அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

மெத்திலியுஸ் குருவின் காதருகே போனார். அதிகம் பேசவில்லை. குரு விழித்துக்கொண்டார்.

"முதல் வட்டம் எது?"

"ஃபவுசியா, ஐயா."

"ஃபவுசியாவா!" அவர் முகத்தில் அப்படி ஒரு பக்தி. "முன்னோர்கள் கண்ட அபசகுனம் ஆயிற்றே! இந்த ஓட்டு செல்லாது. குடிமக்களே, வேறொரு நாள்."

அந்த வேறொரு நாள் மறுநாள்.

இரவெல்லாம் நான் மற்றவர்களின் கதவைத் தட்டினேன். வேலிதியாக் கிழவன் போர்வையோடு வந்து நின்று கேட்டான்.

"இன்னைக்கு யாரு முதல்ல சொன்னது?"

"நான்."

"நீ சொன்னதை நான் திருப்பிச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"நாளைக்கு எவன் முதல்ல சொல்றானோ அவன் சொல்றதைச் சொல்வேன். எங்கிட்ட என்னய்யா தப்பு? என் கொள்கை மாறவே இல்லையே!"

தித்தூரியுஸ் கதவையே திறக்கவில்லை. உள்ளே இருந்தபடி, "வில்லை பத்திரமா இருக்கு. போய்ப் படு" என்றான்.

மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது. குறி பார்ப்பவன் அண்ணாந்து பார்க்காமலே "குறிகள் நன்று" என்றான். குடத்திலிருந்து திதியா வட்டம் வந்தது. அதன் கோல்காரன் வாயைத் திறந்த நேரம், வானம் பிளந்தது மாதிரி இடி. குன்றே அதிர்ந்தது. குடத்துக்குள் மரவில்லைகள் குலுங்கின.

மக்கள் கூடியிருக்கும்போது இடி இடித்தால் கலைந்தாக வேண்டும். இது ஃபவுசியா மாதிரிக் கிழவிப் பேச்சு இல்லை, எழுதிவைத்த சட்டம். தேவர்களின் தலைவனே வேண்டாம் என்று சொல்வது அது.

"இடி!" என்று நான் கத்தினேன். "இடி ஐயா! கூட்டத்தைக் கலைக்கணும்!"

குரு நிதானமாக என்னைப் பார்த்தார். "அது வண்டிச் சத்தம்."

"பகல்ல நகரத்துக்குள்ள வண்டி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, ஐயா!"

"சட்டத்தை மீறி எவனோ ஓட்டியிருப்பான்." எங்கள் வரிசையைப் பார்த்தார். "குடிமக்களே, உங்களில் யாருக்காவது இடி கேட்டதா?"

எல்லோரும் திதியா வட்டத்துக்காரனைப் பார்த்தார்கள். அவன் மெத்திலியுஸைப் பார்த்தான். மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி விழுந்து தொங்கியது. அதைத் துடைக்காமலே, "கேக்கலை" என்றான்.

"கேக்கலை" என்றான் அடுத்தவன். "கேக்கலை." காது மந்தமான வேலிதியாக் கிழவன் ஒருவன்தான் அன்று உண்மையைச் சொன்னான். ரோம மக்கள் பெரும்பான்மை ஓட்டில் இடியைத் தோற்கடித்தார்கள். இதற்கு முன் கவுலர்களாலும் முடியாத காரியம்.

பிறகு மழை கொட்டியது. மழையிலேயே "கேட்டபடியே, கேட்டபடியே" என்று வரிசை ஓடியது. நேற்று பழையபடியே என்ற அதே வாய்கள். சத்தமும் ஏறக்குறைய அதேதான். பாதி வார்த்தையைத்தானே மாற்ற வேண்டும். என்னிடம் வரும் முன்பே பாதி தாண்டிவிட்டது. நிறுத்திவிட்டார்கள். நான் கேட்காமலே "பழையபடியே" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அறிவிப்பாளன் "மக்கள் கட்டளையிட்டுவிட்டார்கள்" என்று முடித்துவிட்டு, மழைக்கு ஒதுங்க ஓடினான். எனக்கு யாரும் தண்டனைகூடத் தரவில்லை. தண்டிக்கிற அளவுக்கு நான் ஒரு பொருட்டாக இருந்தால்தானே.

நூமியுஸின் மேலாடையில் மாவெல்லாம் நனைந்து பிசைந்த பதத்துக்கு வந்திருந்தது. அப்பா கட்டித் தழுவ வந்தவர், அதைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினார். மகன் குனிந்து முத்தமிட்டான்.

அவன் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று போனவனுக்குக் கூழ் மட்டும்தான் கிடைத்தது. தேர்தல் வந்தது, முதல் குடிமகனின் கண் வேறு பக்கம் அசைந்தது. நூமியுஸ் இப்போது தினமும் காலையில் மாளிகை முற்றத்தில், கும்பிடு போட வருகிற கூட்டத்தோடு நிற்கிறான். எதிரே வருகிறவன் பெயரைக் காதில் ஓதுவதற்கென்று பெரிய வீடுகளில் ஓர் அடிமை இருப்பான் அல்லவா, அவன் மெத்திலியுஸின் காதில் ஓதுகிறான்: "இவர் உங்க மகன், எசமான்."

வீபியாவுக்கு அந்த வாரமே ஆள் வந்தது. மாளிகையிலிருந்து ஒருவன் கடை வாசலில் நின்று, புருஷன் சார்பில் சடங்கு வாக்கியத்தைச் சொன்னான்: "உன் பொருள்களை நீயே எடுத்துக்கொண்டு போ." ரோமில் ஒரு கல்யாணத்தை முடிக்க அவ்வளவு போதும்.

அவள் பிசையும் தொட்டியைத் தூக்கினாள்.

"அது வீட்டுப் பொருள்மா" என்றான்.

அகப்பையை எடுத்தாள்.

"அதுவும்தான்."

"அப்ப என் பொருள்னு எதைய்யா எடுத்துக்கச் சொல்றே?"

அவன் சொன்னதையே மறுபடி சொன்னான். வாக்கியத்தை மனப்பாடம் செய்து வந்தவன், பாவம். பின்னால் பல்லக்கு வந்து நின்றது. இடிக்கப் போகும் சுவரைப் பார்வையிட மெத்திலியுஸே வந்திருந்தார். வீபியா போய்ப் பல்லக்கின் திரையைப் பிடித்தாள்.

"ஐயா, அடுப்பை மட்டும் விட்டுடுங்க. எங்கப்பா வச்சது. ஒரு ஓரமா நான் பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கிறேன்."

அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

"நான் என்னம்மா பண்றது? இது மக்கள் போட்ட கட்டளை. மக்களை மீறி நடக்க நான் யாரு? அரசனா?"

திரை மூடியது. மதியத்துக்குள் கடப்பாரை வந்துவிட்டது. அடுப்பு நல்ல அடுப்பு, சீக்கிரம் விழவில்லை.

ஒரு துணி மூட்டையோடு அவள் புறப்பட்டபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் ரெண்டு நாளும் மாத்திச் சொல்லலை, தங்கச்சி. பழையபடியேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

மூட்டையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் அன்றைக்கு மாவு இல்லை.

"ஆமா. பழையபடியேதான் நடந்திருக்கு" என்றாள். "வரேன், மக்களே."

அதுவரைக்கும் அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.